ராத்தாவின் பெயருக்குத் தனி எழுத்துரு

ஒரு கலியாண அழைப்பிதழில் என் மூத்த சகோதரியின், அதாவது ராத்தாவின், பெயரை நான் குப்பையாக்கினேன். மறந்துபோய் விட்டிருந்தால்கூட வயதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். நான் அதைச் செய்தது மரியாதை செய்யப்போய். ஐம்பத்து நான்கு வயதில், அடுத்தவர்களின் முட்டாள்தனத்தை எழுதி மூன்று புத்தகம் போட்ட ஒருவன், தன் சொந்த முட்டாள்தனத்தை இணையத்தில் ஏற்றி, அதன் இணைப்பையும் எல்லோருக்கும் தன் கையாலேயே அனுப்பிவைத்தான். இதைவிட வெட்கக்கேடாக எதையாவது செய்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு வருகிறது. அவற்றை எழுதுவதாக இல்லை.

தங்கச்சியின் ஒரே மகளுக்குக் கலியாணம் முடிவாகியிருந்தது. ஊருக்குள் கொடுக்க அச்சடித்த கார்ட், வெளிநாட்டில் சிதறிக் கிடக்கும் சொந்தத்துக்கு ஓர் இணையப் பக்கம் என்று ஏற்பாடு. கலியாணப் பெண் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் கம்பியூட்டர் படித்தவள். வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு இணையப் பக்கங்கள் செய்துகொடுக்கிறவள். அந்த அழைப்பிதழை அவள் தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்து முடித்திருப்பாள். ஆனால் அவளுடைய உம்மா, அதாவது அண்ணன் என்னைக் காக்கா என்று கூப்பிடும் என் தங்கச்சி, விடவில்லை.

"கலியாணப் பொண்ணு தன்ட கலியாணத்துக்குத் தானே ஆள் கூப்பிடுறதா? சனம் என்ன கதைக்கும்? நீ பேசாம இரிகா. காக்கா செய்வாரு."

எங்கள் ஊரில் கலியாணம் பேசியதற்குப் பிறகு பெண்ணுக்குக் குனிந்த தலையும் மூடிய வாயும்தான் அழகு. அவளுக்கு எத்தனை மொழியில் நிரல் எழுதத் தெரிந்தாலும் இந்தச் சட்டம் மாறாது. ஆகவே தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டாள். தெரியாதவன் நான் மடிக்கணினியைத் திறந்தேன். எனக்கு இணையப் பக்கம் செய்யத் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்வது, கல்முனைக் கடலில் முழங்கால்வரை இறங்கியவன் நீந்தத் தெரியும் என்று சொல்வதற்குச் சமம். ஆனால் குடும்பத்தில் யாரும் என்னை ஆழத்தில் பார்த்ததில்லை.

இந்தக் கலியாணத்தில் ராத்தாவின் இடம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அவ தோஹாவில் தன் மகளோடு இருக்கிறா. சுனாமி வந்து கடற்கரை வீட்டைக் கொண்டுபோன பிறகு, தங்கச்சியின் மகள் ஆறு வருடம் ராத்தா வீட்டில்தான் வளர்ந்தாள். தலை பின்னிவிட்டது, ஓதவைத்தது, காய்ச்சலுக்குக் கஞ்சி பருக்கியது எல்லாம் ராத்தாதான். நகையைப் பற்றியோ சேலையைப் பற்றியோ வாய் திறக்காத பெண், ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தாள். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது, நாக்கைச் சுழற்றி எழுப்பும் முதல் குரவையைப் பெரியும்மாதான் போட வேண்டும். ராத்தா வராவிட்டால் அந்தப் பிள்ளையின் முகம் கலியாணத்தன்று எப்படியிருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் அழைப்பவர்கள் வரிசையில் முதலாவதாக ராத்தாவின் பெயரைப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பெயருக்கு மட்டும் தனி எழுத்துரு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இங்கே நான் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்குக் கைபேசிகளில் எத்தனை வகை எழுத்துரு. மெலிந்தது, தடித்தது, கையெழுத்துப் போன்றது, தட்டச்சுப் போன்றது என்று ஒரு புடவைக் கடையே விரித்துவைத்திருக்கிறார்கள். தமிழுக்கு ஒன்றே ஒன்று. அதுவும் ஆஸ்பத்திரியில் 'இங்கே துப்பாதீர்' என்று எழுதிவைக்கத் தோதான முகம். கலியாணம் என்றாலும் அதே முகம், மௌத்தாகி அடக்கம் என்றாலும் அதே முகம். தடித்த எழுத்து வேண்டுமென்று கேட்டால் உலாவி அதே எழுத்தின்மேல் இன்னொரு தடவை மை பூசுகிறது. புள்ளியும் சுழியும் அடைபட்டு, 'ஞ' கொழுக்கட்டையாகிவிடுகிறது. சாய்வெழுத்துக் கேட்டால் கிழக்குக் காற்றில் சாய்ந்த வேலியைப் போல முழு வரியையும் தள்ளிவிடுகிறது. வரிக்கு வரி இருக்க வேண்டிய இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு அளந்தே வெட்டிவைத்திருக்கிறார்கள். மேலே கொம்பு, கீழே வால் என்று எங்கள் எழுத்துக்கு உறுப்புகள் இருப்பது அந்த ஊர் இஞ்சினியர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஓர் உலாவியில் 'வலீமா'வின் தலைச்சுழி பாதி வெட்டுப்பட்டு நின்றது. விருந்துக்குக் கூப்பிடும் சொல்லுக்கே இந்தக் கதி.

என்னிடம் ஓர் எழுத்துரு இருந்தது. இருபது வருடமாக என் கட்டுரைகளுக்கெல்லாம் தலைப்பு அதில்தான். நல்ல வயிறும் நல்ல தோளும் உள்ள எழுத்து. ஆனால் அது பழைய காலத்தது. அதில் தட்டச்சுச் செய்தால் கம்பியூட்டர் உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் எழுதிவைத்துக்கொள்ளும். திரையில் அதற்குத் தமிழ் உடுப்பைப் போட்டுக் காட்டும். உடுப்பு இருக்கிற கம்பியூட்டரில் தமிழ். இல்லாத கம்பியூட்டரில் உள்ளே இருக்கிற ஆங்கிலம் அப்படியே எழும்பி நிற்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். ஊரில் யாரிடம்தான் அந்த எழுத்துரு இல்லை?

கலியாணப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணை மட்டும் திரைப் பக்கம் திருப்பினாள். ஸ்டைல் ஷீட்டில், அதாவது பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்று உலாவிக்குக் கட்டளை எழுதும் தாளில், நான் ஒரேயோர் எழுத்துருவின் பெயரை எழுதியிருந்தேன்.

"மாமா, பெரியும்மாட பேர யுனிகோட்ல அடிங்க, அது எங்கயும் தமிழாத்தான் நிக்கும். அடிச்சிப்போட்டு, இதுக்குப் பின்னால இன்னும் ரெண்டு மூணு பொண்டு பேரப் போட்டு வைங்க." பொண்டு என்று அவள் சொன்னது எழுத்துருவை.

"என்னத்துக்கு?"

"இது இல்லாட்டி அடுத்தது. அதுவும் இல்லாட்டி அதுக்கடுத்தது. கடைசியில, என்னத்தையாவது ஒண்டக் காட்டு எண்டு."

எனக்கு அந்த முறையே பிடிக்கவில்லை. அது எங்களூரில் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. முதலில் டாக்டர் என்று தொடங்குவார்கள். இல்லாவிட்டால் இஞ்சினியர். அதுவும் தட்டினால் அரசாங்க உத்தியோகம். கடைசியில், தொழுகிற பிள்ளையாக இருந்தால் போதும். ராத்தாவின் பெயருக்கு அப்படியொரு வரிசையா என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் சொல்லியும் வைத்தேன்.

"உனக்கு நாங்க அப்படியா பாத்த? ஒரே மாப்பிள்ளைதானே."

"மூணு தட்டிப் போன, மாமா," என்றாள், தலையை நிமிர்த்தாமலே. "நீங்க அப்ப புத்தகம் எழுதிக்கிட்டிருந்தீங்க."

தேத்தண்ணித் தட்டோடு அறைக்குள் போனாள். உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா.

நான் அரைகுறையாக ஒன்றும் செய்யவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பக்கத்தை ஏற்றிவிட்டு, மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்ச் சோதித்தேன். கல்முனை பஸாரில் போட்டோப்பிரதி எடுக்கும் கடையில் பார்த்தேன். மருதமுனையில் புடவை நெய்து விற்கும் கூட்டாளி வீட்டில் பார்த்தேன். காரைதீவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியரிடம் மூன்று வேறு வேறு உலாவிகளைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சம்மாந்துறையில் மச்சானின், அதாவது தங்கச்சி புருஷனின், அரிசி ஆலைக் கணக்கறையில் தவிட்டுப் புழுதியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ராத்தாவின் பெயர் கம்பீரமாக நின்றது. கணித ஆசிரியர்கூட, "வடிவா இருக்கு" என்றார். அவர் இலேசில் எதையும் மெச்சுகிறவர் அல்லர்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரைக்கும் எந்தக் கம்பியூட்டர் பழுதானாலும் ஒரே ஆளிடம்தான் போகும். அவர் எதற்கும் ஒரே மருந்துதான் கொடுப்பார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தன்னிடமுள்ள ஒரே சீடித் தட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவார். அந்தத் தட்டில் என் எழுத்துரு இருந்தது. அதை அவருக்கு முதன்முதலில் கொடுத்தவனும் நான்தான். ஆக, கரையோரமெங்கும் மோட்டார்சைக்கிளில் அலைந்து நான் என்னிடமே கருத்துக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

கைபேசியில் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். நான் வைத்திருப்பது பொத்தான் அழுத்தும் கைபேசி. தொடுதிரையைத் தடவிக்கொண்டிருப்பவர்களைக் கிண்டல் செய்து இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரைகளுக்குப் பிறகு ஒன்று வாங்க எனக்கு முகமில்லை.

சரி, கைபேசியில் பார்த்த மற்றவர்கள்? இணைப்பை மடிக்கணினியிலிருந்து குடும்பக் குழுவுக்கு அனுப்பிய பத்து நிமிடத்துக்குள் 'மாஷா அல்லாஹ்' மழை. ஜித்தாவிலிருந்து மாஷா அல்லாஹ். குவைத்திலிருந்து மூன்று ரோஜாப்பூவுடன் மாஷா அல்லாஹ். லண்டனிலிருந்து கண்ணீர் வடிக்கும் மஞ்சள் முகம். அவர்களில் ஒருவர்கூட அந்த இணைப்பைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் முதல் வரியே காட்டிக்கொடுத்திருக்கும். திறக்காத கதவுக்கு வெளியே நின்று வீடு அழகு என்று சொல்லிவிட்டுப் போகிற சனத்தை என்ன செய்வது? பொய்ச் சாட்சிக்கு மார்க்கத்தில் என்ன தண்டனை என்று பேஷ் இமாமிடம் கேட்கலாமென்றுகூட நினைத்தேன்.

இணைப்பைத் திறந்தது ஒரே வீடு. தோஹாவில் ராத்தாவின் வீடு. அதுவும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, ராத்தாவின் மருமகனுடைய ஆட்கள் விருந்துக்கு வந்திருந்த நேரம். "நம்மட தம்பி செஞ்ச" என்று பெருமையாகச் சொல்லித்தான் திறக்கவைத்திருக்கிறா.

அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு என் கைபேசி அடித்தது.

"தம்பி, ஒனக்கு நான் என்ன செஞ்ச?" என்றா ராத்தா. ஸலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

"ஏன் ராத்தா?"

"எல்லாட பேரும் தமிழ்ல கிடக்கு. என்ட பேர் இரிக்கிற இடத்தில இங்கிலீசில என்னமோ கிறுக்கி வெச்சிரிக்கியாம். சம்பந்தி மனிசி கேக்குறா, இது என்ன மச்சி, ஒங்கட பாஸ்போட் நம்பரா எண்டு."

பிறகு ராத்தாவின் மகள் அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பினாள். மடிக்கணினியில் விரித்துப் பார்த்தேன். ராத்தாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஆங்கில எழுத்து, ஒரு பெரிய எழுத்து, நடுவில் ஓர் அடைப்புக்குறி. மெய்யெழுத்துப் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. கோபம் வந்தவன் விசைப்பலகையில் குத்தியதைப் போல இருந்தது. அதன் கீழே தங்கச்சியின் பெயர், மச்சானின் பெயர், என்னுடைய பெயர் எல்லாம் ஒழுங்கான தமிழில். நான் எழுத்துருச் சூட்டி மரியாதை செய்யாத எல்லோரும் தப்பியிருந்தார்கள். வேறொரு கைபேசியில் திறந்து இன்னொரு படமும் அனுப்பியிருந்தாள். அதில் அதே கிறுக்கல், ஆனால் வளைந்து வளைந்த கையெழுத்து வடிவில். குப்பைக்குக்கூட ஆங்கிலத்தில் இரண்டு வகை உடுப்பு இருக்கிறது.

உலாவிகளின் நேர்மையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கல்முனைச் சந்தையில் எந்த அரிசிக் கடைக்கும் போய்க் கீரிச் சம்பா கேளுங்கள். இல்லையென்றால் இல்லை என்பான். மனமிருந்தால், அடுத்த கடையில் பாருங்க என்பான். உலாவி அப்படியல்ல. நீங்கள் பெயர் குறிப்பிட்டுக் கேட்ட எழுத்துரு இல்லாவிட்டால், வாயே திறக்காமல் கையில் கிடைத்ததைக் கட்டி அனுப்பிவிடும். அனுப்பியவனுக்கும் சொல்லாது, வாங்கியவனுக்கும் சொல்லாது. ஓர் அரைவரி எழுதினால் என்ன குறைந்துபோகும்? 'ஐயா, நீங்கள் கேட்டது இந்த வீட்டில் இல்லை' என்று. ஆகாயத்தில் பறக்கிற விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற உலாவிக்கு இதைச் சொல்ல முடியாதா?

இதையெல்லாம் நான் ராத்தாவிடம் விளக்கினேன். அரை மணித்தியாலம் விளக்கினேன்.

"அப்ப பிழை கம்பியூட்டர்டயா?" என்றா.

"ஓம் ராத்தா."

"கம்பியூட்டருக்கு என்னோட என்ன கோவம்?"

மறுநாள் நான் திருத்தத் தொடங்கினேன். அப்போதும் பெயரை யுனிகோட்டில் அடிக்க என் மனம் வரவில்லை. எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் ஒரு வழி இருக்கிறது. விருந்துக்குப் போகும்போது கோப்பையையும் கொண்டுபோவது போல. அந்தக் கட்டளையை ஸ்டைல் ஷீட்டில் எழுதினேன். ஓர் உலாவி ஏற்றுக்கொண்டது. இன்னொன்று, எழுத்துரு வந்து சேரும்வரை பெயரையே மறைத்துவைத்து, மூன்று செக்கன் வெறும் இடத்தைக் காட்டியது. மூன்றாவது, வேறு இடத்திலிருந்து வரும் எழுத்துருவைத் தொடமாட்டேன் என்று தள்ளிவிட்டது. இருபது வருடம் பழகிய எழுத்தை எல்லையில் நிறுத்தி விசா கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒருவாறு சமாளித்துவிட்டு ராத்தாவுக்கு அழைத்தேன். தோஹாவில் மாறவேயில்லை. அவவுடைய கைபேசி பழைய ஸ்டைல் ஷீட்டைத் தன்னிடம் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

"ராத்தா, திரையில விரல வெச்சி மேலயிருந்து கீழ இழுங்க."

"இழுத்திட்டன்."

"இன்னொருக்கா."

"இழுத்தாச்சி. நான் என்ன கிணத்துலயா தண்ணி அள்ளுறன்?"

"இப்ப என்ன தெரியிது?"

"அதே சனியன்தான் கிடக்காம், மகள் சொல்றா." பிறகு குரல் தணிந்து வந்தது. "விடு தம்பி. இந்தக் கலியாணத்துக்கு என்ன ஒருத்தரும் வாயால கூப்பிடல்ல. நீ அனுப்பினதும் ஒரு லிங்கு. அதிலயும் என்ட பேர் இல்ல. நான் வரல்ல. அங்க குரவை போடத் தொண்டைக்கா பஞ்சம்?"

அவ சொன்னது உண்மை. ஊருக்குள் கார்டைக் கையில் கொடுத்தாலும், வாயால் சொல்லாவிட்டால் சொன்னதாகக் கணக்கில்லை. அதற்காகத் தங்கச்சி ஒரு கிழமையாக, ஏழு நாளும், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தா. தோஹாவுக்கு இணையப் பக்கம் போய்விட்டது, அது சொல்லிவிடும் என்று நாங்கள் இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.

செய்தி தெரிந்ததும் தங்கச்சி அடுப்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினா. "ராத்தா இல்லாம நான் எந்த முகத்தோட வாசல்ல நிக்கிற? எல்லாம் ஒங்கட எழுத்தாலதான் காக்கா." மச்சான் அரிசி ஆலையிலிருந்து வந்து முழுக் கதையையும் கேட்டார். "மச்சான், ஒரு பேர எழுதுறதுக்கு இவ்வளவு வேலையா?" என்றார். "நாங்க சாக்கில மார்க்கரால எழுதுறம். அது கொழும்புக்குப் போனாலும் மாறுறதில்ல."

அந்த நேரம் கலியாணப் பெண் அறையிலிருந்து வெளியே வந்தாள். என் முன்னாலிருந்த மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். உம்மா "அடியே" என்றது அவளுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டது. என் ஸ்டைல் ஷீட்டில் நான் இரண்டு கிழமையாக எழுதிவைத்திருந்த நாற்பது வரியையும் ஒரே இழுப்பில் நிழலடித்து அழித்தாள். ராத்தாவின் பெயரை யுனிகோட்டில் அடித்தாள். எழுத்துருவுக்கென்று ஒரே வரி எழுதினாள். அதில் என் எழுத்துருவின் பெயர் முதலில் இல்லை, நடுவில் இல்லை, கடைசியிலும் இல்லை. கோப்புக்கு ஒரு புதுப் பெயர் வைத்து, தோஹாக் கைபேசி பழையதைக் காட்டி ஏமாற்ற முடியாதபடி செய்தாள். என் தேத்தண்ணி அப்போதும் சூடாகவே இருந்தது.

பிறகு தன் கைபேசியை எடுத்து, எல்லோர் முன்னாலும், பெரியும்மாவுக்கு அழைத்தாள்.

"பெரியும்மா, நான்தான். ஓம், நானேதான் எடுக்குறன். வெக்கமில்லாமத்தான். எனக்குக் கலியாணம். ஒங்கள நான் கூப்பிடுறன். மாமாட பொண்ட விடுங்க, அவரு அப்படித்தான். நீங்க வந்து குரவை போடுங்க. போடாட்டி நான் அறைய விட்டு வெளிய வரமாட்டன். மாப்பிள்ளை வாசல்ல நிண்டுட்டுப் போகட்டும்."

மறுபக்கம் என்ன சொன்னா என்று எங்களுக்குக் கேட்கவில்லை. இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்றாள். பிறகும் "ம்" என்றாள். தங்கச்சி மகளை ஏசுவதற்கென்று எழும்பி வந்தவ, ஏசாமல் அப்படியே நின்றா. சனம் என்ன கதைக்கும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ராத்தா கலியாணத்துக்கு மூன்று நாள் முன்பே இரண்டு பெட்டியோடு வந்திறங்கினா. மாப்பிள்ளை வாசலில் கால்வைத்தபோது எழுந்த குரவை ரோட்டுச் சந்திவரை கேட்டதாகச் சொன்னார்கள். கலியாணப் பெண் குனிந்த தலையை ஒரு தடவை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

என் கோபம் மட்டும் தீரவில்லை. திருத்திய பக்கத்தைப் பல கைபேசிகளில் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ராத்தாவின் பெயர் ஒழுங்காகத்தான் இருந்தது. அதே ஆஸ்பத்திரிப் பலகை முகம். அந்த உயர்ந்த எழுத்துருவில் அந்தப் பெயரை உலகம் பார்க்க முடியாமல் போனது எனக்கு ஒரு நீதிப் பிரச்சினையாகவே பட்டது.

வலீமா முடிந்த மறுநாள், ராத்தா வட்டிலப்பத்தைக் கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்த நேரம், பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ராத்தா, உண்மையச் சொல்லுங்க. இப்ப இருக்கிற எழுத்து அவ்வளவு வடிவில்லதானே? நான் மொதல்ல போட்டது சரியா வந்திருந்தா எப்படி இருந்திரிக்கும்."

ராத்தா வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தா.

"எனக்குக் கண்ணில வெள்ளை விழுந்து ரெண்டு வருசம் தம்பி. அந்தப் போன்ல மணி பாக்கிறதே பெரும்பாடு. நான் எங்க ஒன்ட எழுத்தப் பாத்த? எல்லாம் மகள் வாசிச்சிச் சொன்னதுதான்."

கரண்டியை மறுபடி வட்டிலப்பத்தில் இறக்கினா.

"நல்ல எழுத்தா அது?"